காய்ச்சல் சீசனுக்கு எங்கள் வளாகம் எப்படித் தயாரானது: ஒரு ஹாஸ்டல் வார்டனின் ரிவ்யூ

எங்கள் பல்கலைக்கழக ஹெல்த் சென்டர் இந்த வருஷம் ஃப்ளூ சீசனுக்குச் செய்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ. நான் பெண்கள் விடுதி வார்டன். அறைக்கு மூன்று பேர், தளத்துக்கு ஒரே பாத்ரூம் வரிசை, எல்லோருக்கும் ஒரே மெஸ். ஒருத்தி இருமத் தொடங்கினால் அந்த வாரத்துக்குள் தளம் முழுக்க இருமல் கேட்கும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.

இந்த நான்கில் பெரும்பங்கு மெஸ்ஸுக்குப் போக வேண்டியது. போன வருஷம் வரை காய்ச்சலில் கிடப்பவளும் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வரிசையில் நின்றால்தான் சாப்பாடு. நிற்க முடியாதவள் ரூம்மேட் கொண்டுவரும் பிஸ்கட்டோடு படுத்திருப்பாள். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும், படுத்த முதல் மூன்று நான்கு நாள்தான் அது அதிகம் தொற்றும் காலம். அந்த நாட்களில் அவளை வரிசையில் நிற்கவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்த முறை தரைத்தளத்து கெஸ்ட் ரூம்களைக் காலி செய்து காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கினார்கள். ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று உத்தரவு. வேளாவேளைக்கு மெஸ்ஸிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியர் வரும். மேல் அடுக்கில் கஞ்சி, நடுவில் மிளகு ரசம் பிசைந்த சாதம், அடியில் பருப்புத் துவையல். மூடியில் பிளாஸ்திரி ஒட்டி அறை எண் எழுதியிருக்கும். மெஸ் அக்கா அதை வாசல் ஸ்டூலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, "கண்ணு, சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு" என்று தள்ளி நின்றே குரல் கொடுப்பார். கழுவ வரும் கேரியர்கள் தனி அண்டாவில் வெந்நீருக்குள் போகும். பெரிய செலவு எதுவும் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற பயத்தில் பிள்ளைகள் காய்ச்சலையே மறைப்பார்கள். "மேம், நாளைக்கு இன்டர்னல், ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சாத பெண்ணை நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் ஹெல்த் சென்டர் சீட்டு இருந்தாலே ஐந்து நாளுக்கு வருகைப்பதிவில் கழிவு இல்லை, இன்டர்னலுக்கு மறுதேர்வு உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. அதன் பிறகு பிள்ளைகள் அவர்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகுதான் வகுப்புக்கு அனுப்புகிறோம்.

ஹெல்த் சென்டரில் நர்ஸ் மேசைக்குப் பின்னால் ஏ, பி, சி அட்டவணை ஒட்டியிருக்கிறது. 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த பிரிவுகள் அவை. லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ: பரிசோதனை வேண்டாம், ஓய்வும் கண்காணிப்பும் போதும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் இறங்குவது, நகம் நீலம் பாய்வது எல்லாம் சி: உடனே ஆஸ்பத்திரி. நடுவில் இருப்பது பி: காய்ச்சல் அதிகமாக இருப்பவர்களும், ஆஸ்துமா போல வேறு நோய் ஏற்கெனவே உள்ளவர்களும். இந்தப் பிரிவில்தான் கவனம் தப்பும். எங்கள் விடுதியில் ஆஸ்துமா உள்ள ஒரு மாணவிக்குக் காய்ச்சல் வந்த அன்றே ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஓசல்டமிவிர் 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஐந்து நாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அந்த மருந்தின் பலன் முழுசாகக் கிடைக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதித் தராததும் எனக்குப் பிடித்தது.

வாசலுக்கு வாசல் சானிடைசர் ஸ்டாண்ட் வைத்தார்கள். இருக்கட்டும்.

குறைக்கு வருகிறேன். தடுப்பூசி முகாம் நவம்பரில் நடந்தது. குளிர்பெட்டி, 2 முதல் 8 டிகிரிக்குள் வெப்பநிலை காட்டும் மீட்டர் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது, காய்ச்சலும் கூடவே வருகிறது. 2022 செப்டம்பரிலேயே புதுச்சேரியில் காய்ச்சல் பரவி, எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஆகஸ்டில் போட்டிருக்க வேண்டிய ஊசி இது. ஒரு நட்சத்திரத்தை இதற்குத்தான் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஹெல்த் சென்டர் பூட்டியிருப்பதையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு மனசு ஆறாதது. மெஸ் ஊழியர்கள் அந்த ஊசிப் பட்டியலிலேயே இல்லை. காண்டிராக்ட் ஆட்கள் என்று விட்டுவிட்டார்கள். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் மாணவர்களும் மெஸ் ஊழியர்களுமாக நூறு பேருக்கு மேல் கொரோனா வந்தது. அப்போது அங்கே ஒரே ஒரு மெஸ்தான் இயங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மெஸ் அக்காக்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரே ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். காய்ச்சல் அறைக்குக் கேரியர் தூக்கிப் போவதும் அவர்கள்தான், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படுவதும் அவர்களுக்குத்தான். அடுத்த வருஷத்திலிருந்து அவர்களுக்கும் பல்கலைக்கழகச் செலவில் ஊசி போட வேண்டும், காய்ச்சல் லீவுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹாஸ்டல் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள்.