எக்ஸ்டிஜி-ஓப்பன்: எல்லாம் சரி, பிடிஎஃப் மட்டும் ஏன் இப்படி?

லினக்ஸில் கட்டளை தட்டும் டெர்மினலில் வேலை செய்கிறவர்களுக்கு, கொடுத்த கோப்பை அதற்கேற்ற செயலியில் திறந்துவிடும் எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இங்கே மொரீஷியஸில், காத்ர் போர்னில் எங்கள் கோயில் அலுவலகக் கணினியில் பல வருடமாக ஓடுகிறது. உள்ளே பார்த்தால் வெறும் ஷெல் ஸ்கிரிப்ட்தான் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு), டெஸ்க்டாப் க்னோம் என்றால் அதன் ஜியோ ஓப்பன் கட்டளையிடமும் எக்ஸ்எஃப்சிஇ என்றால் எக்ஸோ-ஓப்பனிடமும் வேலையை ஒப்படைத்துவிடும், அதனால் டெஸ்க்டாப்பை மாற்றியபோதும் கைக்குப் பழகிய கட்டளை மாறவே இல்லை. படம், பாட்டு, இணைய முகவரி எதுவானாலும் ஒரே கட்டளை. மனதாரப் பிடித்த கருவி.

ஆனால் பிடிஎஃப் என்றால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. தைப்பூசக் காவடிக்கு முன்னால் அறிவிப்புகள் தமிழிலும் பிரெஞ்சிலும் குவிகிற நேரம் பார்த்து, அதுவரை எவின்ஸ் என்ற பிடிஎஃப் வாசிப்பானில் திறந்துகொண்டிருந்தது, புதிதாக ஏதோ நிறுவிய பிறகு லிப்ரே ஆபீஸின் வரைபடச் செயலியான டிராவில் போய்த் திறக்கும். பிரெஞ்சு அறிவிப்பு ஓரளவு தப்பிக்கும். தமிழில் அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம், பூசை நேரத்தைச் சரிபார்க்க வந்த பெரியவர் கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்.

நியாயமாகச் சொன்னால் தப்பு எக்ஸ்டிஜி-ஓப்பனுடையது மட்டும் இல்லை. நம் விருப்பத்தை நாம் பதிந்து வைக்காதவரை, பிடிஎஃப் எனக்கும் திறக்கத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிற செயலிகளில் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும், டிராவும் படம் திருத்தும் ஜிம்பும் அந்த வரிசையில் உண்டு. எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட் என்று தட்டி, எவின்ஸின் டெஸ்க்டாப் கோப்பு (செயலியின் விவரக் கோப்பு) பெயரையும் அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்ற கோப்பு வகையையும் கொடுத்தால், நம் கான்ஃபிக் கோப்புறையில் உள்ள மைம்ஆப்ஸ்.லிஸ்டில் பதிந்துவிடும். சரி, ஆனால் திறக்கும் செயலி மாறியதை ஒரு வரியில் சொல்லக்கூடாதா? அப்புறம் எக்ஸ்டிஜி-ஓப்பன் ஒரு தடவைக்கு ஒரு கோப்புதான் வாங்கும், ஒரு கட்டு அறிவிப்புகளைத் திறக்க, ஒவ்வொன்றாகக் கொடுக்கும் ஃபார் லூப் எழுத வேண்டும், ஜியோ ஓப்பனோ எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி, தன் சங்கத்துக் கணினியில் இதைப் பழக்கலாமா அண்ணா என்று கேட்டான். வேண்டாம் தம்பி, பிடிஎஃப்புக்கு எவின்ஸ் என்று நேராகத் தட்டப் பழக்கு என்றேன்.