பண்டானா: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தலையிலும் கழுத்திலும் கட்டுகிற சதுரத் துணியான பண்டானாவை வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறத்தையும் டிசைனையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் அளவைக் கேட்பேன். கடையில் பரவலாகக் கிடைப்பது 22 அங்குலச் சதுரம். அதை மூலைக்கு மூலை குறுக்காக மடித்தால் நீளப் பக்கம் 31 அங்குலம். பெரியவர்களின் தலைச்சுற்றளவே 22, 23 அங்குலம் இருக்கும். மிச்சம் எட்டோ ஒன்பதோ அங்குலம். அதையும் இரண்டு பக்கத்துக்குப் பங்கு போட்டு முடிச்சுப் போட வேண்டும். போடலாம், ஆனால் நாலு தடவை தலையை ஆட்டினால் நெகிழ்ந்துவிடும். 27 அங்குலத் துணியின் குறுக்களவு 38 அங்குலம். முடிச்சு இறுகி நிற்கும், கழுத்தில் இரண்டு சுற்று வரும், மூக்கு வரை ஏற்றிக் கட்டினாலும் நழுவாது. இந்த ஐந்து அங்குலத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது துணி. முழுப் பருத்தியாக இருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கடையிலேயே பார்க்க வேண்டுமென்றால் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்து, முன்பக்கம் மட்டும் அச்சு பளிச்சென்று தடிமனாக உட்கார்ந்திருந்தால் அது மேலே அப்பிய சாயம். வியர்வையை உறிஞ்சாது, நெற்றியில் உராயும்.

பழைய சிவப்புப் பண்டானாக்கள் இப்படி இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், துணி முழுவதையும் முதலில் மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயத்தில் சிவப்பாக்குவார்கள். பிறகு அடுக்கடுக்காக, டிசைன் வெட்டிய ஈயத் தகடுகளுக்கு நடுவே வைத்து நெருக்கி, வெட்டிய இடத்தில் மட்டும் வெளுப்புத் திரவத்தைப் பாய்ச்சுவார்கள். ஹென்றி மான்டீத்தின் ஆலை இதற்குப் பெயர் போனது. வெள்ளைப் புள்ளிகள் துணியை ஊடுருவி இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். மேலே எதுவும் ஒட்டியிருக்காது. இன்றும் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கிற துணியைத்தான் நான் தேடி வாங்குகிறேன்.

என் பண்டானா அதிகம் உழைப்பது ஹெல்மெட்டுக்கு அடியில். தலை வியர்வை ஹெல்மெட்டின் உள்பஞ்சில் ஊறி நாறுவதை இது தடுத்துவிடுகிறது; பஞ்சைக் கழற்றி உலர்த்துகிற வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். முடிச்சு ஹெல்மெட்டுக்குள் வரவே கூடாது. பின்மண்டையில் முடிச்சு இருந்தால் முதலில் வலி, அதைவிட முக்கியமாக ஹெல்மெட் தலையில் சரியாகப் படியாது. முடிச்சைப் பிடரிக்குக் கீழே, ஹெல்மெட் விளிம்பைத் தாண்டி இறக்கிப் போடுங்கள். தடித்த துணியும் வேண்டாம். ஹெல்மெட்டை இறுக்கமாக்குகிற எதுவும் அதன் அளவை மாற்றிவிடுகிறது.

சித்திரை வெயிலில் நனைத்துப் பிழிந்து கழுத்தில் சுற்றிக்கொண்டால் நன்றாகவே தணிக்கும். ஆனால் ஊரைப் பொறுத்தது. தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. பல்லடம், தாராபுரம் பக்கத்து வறண்ட காற்றில் கழுத்து சில்லென்று இருக்கும், சீக்கிரம் காய்ந்தும்விடும். சென்னைப் புழுக்கத்தில் அதே துணி ஈரமாகவே கிடந்து பிசுபிசுக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

தூசிக்கு? மணல் லாரிக்குப் பின்னால் போகும்போது மூக்குக்கும் வாய்க்கும் பெரிய உதவி. புகைக்கு உதவாது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நெசவின் இடைவெளியில் தாராளமாகப் புகுந்துவிடும். குப்பைமேடு எரிகிற இடத்திலோ காட்டுத்தீப் புகையிலோ துணியைக் கட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பது ஆபத்து. அங்கே என்95 முகக்கவசம்தான் போட வேண்டும்.

வெள்ளியங்கிரி மாதிரி மலையேற்றங்களுக்கு இரண்டாக எடுத்துப் போவேன். ஒன்று நெற்றியில், மற்றொன்று பையில். பையிலிருப்பது வேண்டும்போது கைத்துடைப்பாகவும், பழம் கட்டுகிற மூட்டையாகவும், சூடான பாத்திரத்தைத் தூக்குகிற பிடிதுணியாகவும் மாறும். பிடிதுணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணி சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும். சுளுக்கிய கணுக்காலை இறுக்கிக் கட்டவும், காயத்தின் மேல் வைத்த பஞ்சு நகராமல் பிடிக்கவும் 27 அங்குலம் போதும். முறிந்த கையைத் தொட்டில் கட்டித் தாங்க அது போதாது. அதற்கு 36 அங்குலத்துக்குக் குறையாத சதுரம் வேண்டும்.

தண்ணீர் வடிகட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல் குழுவினர் வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. பழைய புடவைத் துணியை எட்டு அடுக்காக மடித்து வடிகட்டிய குடும்பங்களில் காலரா ஏறக்குறைய பாதியாக, அதாவது 48 சதவீதம், குறைந்தது. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்மிதவை உயிரிகளில் ஒட்டி வாழ்கிறது. அவை மடிப்புகளில் சிக்கிக்கொள்கின்றன. புதுத் துணியைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த துணியே மேல், ஏனென்றால் இழை பிரிந்து இடைவெளி சிறுத்துவிடுகிறது. மலையில் நானும் ஓடைத் தண்ணீரைப் பழைய பண்டானாவில் மடித்து வடிகட்டுகிறேன், ஆனால் கொதிக்க வைக்காமல் குடிப்பதில்லை. தனித்து மிதக்கும் கிருமிகளைத் துணி பிடிக்காது.

துண்டு இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வியும் வரும். துண்டு என் பையிலும் உண்டு. துவட்டவும், விரித்துப் படுக்கவும், சும்மாடு கூட்டவும் அதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் சதுரத்தைக் குறுக்காக மடித்தால் கிடைக்கிற முக்கோணம் நீளத் துண்டில் கிடைக்காது. நுனிகள் மெலிந்து நடுப்பகுதி அகன்றிருப்பதால்தான் தலையை மூடியபடி சின்ன முடிச்சில் நிற்கிறது.

சதுரத் துணி நமக்கு அந்நியமும் இல்லை. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரிலேயே 36 அங்குலக் கட்டம்போட்ட கைத்தறிச் சதுரங்கள் இந்தக் கரையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அவற்றை இன்றும் போற்றுகிறார்கள். மெட்ராஸ் கட்டத்துணி கரீபியனில் மார்த்தினிக், குவாதலூப் தீவுப் பெண்களின் தலைக்கட்டாகவே ஆகிவிட்டது. அங்கே தலைக்கட்டில் எத்தனை முனை நீட்டியிருக்கிறது என்பதற்கும் அர்த்தம் உண்டு: ஒன்று என்றால் மனதில் யாருமில்லை, மூன்று என்றால் கல்யாணமானவள்.

நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அதனால் என்னிடமிருப்பதிலேயே சிறந்தது கடையில் வாங்கிய பண்டானா அல்ல, குடியாத்தம் பருத்திக் கைலி ஒன்றிலிருந்து வெட்டியது. கைலியின் அகலம் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல் இருப்பதால் 36 அங்குலச் சதுரம் தாராளமாக வரும். நாலு ஓரத்தையும் மெல்லியதாக உருட்டித் தைக்கச் சொல்லுங்கள். இரண்டாக மடித்து அடித்தால் மூலைகள் தடித்து முடிச்சு இறங்காது. பல முறை துவைத்த கைலியாக இருந்தால் இனிச் சுருங்கவும் சுருங்காது. புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவையுங்கள், சாயம் தெளியும்வரை தனியாகத் துவையுங்கள். உப்பில் ஊறவைப்பதால் பயனில்லை. ஒட்டாத சாயம் கழுவக் கழுவத்தான் போகும்.