மருதானைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஹோல்கம் பண்ணையார்

கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றுக்குச் சனிக்கிழமை போயிருந்தேன். விவசாயம் பற்றி ஏதும் உண்டா என்று கேட்டதும் கடைக்கார நானா ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்து தாமஸ் வில்லியம் கோக் என்ற ஆங்கிலேயப் பண்ணையாரின் வாழ்க்கை வரலாற்றை இறக்கித் தூசி தட்டித் தந்தார். "பிரபுட கதைதான் தம்பி, ஆனா உள்ளுக்கு முழுக்க வயல்" என்றார்.

உண்மைதான். 1776இல் தகப்பன் இறக்க, இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியிலுள்ள ஹோல்கம் நிலங்கள் கோக்கின் கைக்கு வந்தன. அதே வருடம் நாடாளுமன்றத்துக்கும் போனார். அமெரிக்காவுடனான போரை எதிர்த்தார். 1837இல் லெஸ்டர் பிரபு ஆனார். சரி, அந்த அத்தியாயங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன். என்னைப் பிடித்து நிறுத்தியது குத்தகை. குடியானவர்களுக்கு நீண்ட காலக் குத்தகை கொடுத்து, பயிரை மாற்றி மாற்றி விதைக்கச் சொல்லியிருக்கிறார். என் அப்பா கிளிநொச்சியில் குத்தகை வயல் செய்தவர். அடுத்த போகம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எந்த நம்பிக்கையில் மண்ணுக்குச் செலவழிப்பான்? 1842இல் கோக் இறந்தபின் குடியானவர்கள் பணம் சேர்த்து எழுப்பிய தூணின் மூலைகளில் மாடு, ஆடு, கலப்பை, விதைக்கும் கருவி. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கங்களில் பூச்சி அரித்திருந்தது. நானாவே அதை விரித்துக் காட்டி, 900 ரூபாயை 650 ஆக்கினார். இந்த நேர்மைக்காகவே திரும்பப் போவேன். காலையில் போங்கள், மத்தியானத்தில் தகரக் கூரை கொதிக்கும்.