முதுகுக்குள் வைக்கும் கம்பி: எவர்சில்வரா, டைட்டானியமா, கோபால்ட் குரோமா?

உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் முதுகு வளைந்த பிள்ளையை மதுரைக்குக் கூட்டி வரும் பெற்றோருக்கு, ஆபரேஷன் முடிவானதும் ஒரு மதிப்பீட்டுத் தாள் கைக்கு வரும். ராடு இரண்டு, ஸ்க்ரூ பதினாறோ இருபதோ, இரண்டு ராடையும் குறுக்கே இணைக்கும் கிராஸ் லிங்க் ஒன்று. பக்கத்தில் உலோகத்தின் பெயர், விலை. எது நல்லது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், விலை கூடியதைப் போடுங்கள் என்பார்கள். விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எந்த வளைவுக்கு, எந்த எலும்புக்கு, எவ்வளவு கனத்தில் என்று தெரிந்தால்தான் உலோகத்தைப் பற்றியே பேச முடியும்.

வளைவை எக்ஸ்ரேயில் காப் கோணமாக அளக்கிறார்கள். 10 டிகிரிக்கு மேல் போனால் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகின் பக்கவாட்டு வளைவு. வளர்கிற வயதில் 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால் பெல்ட் போட்டுப் பார்ப்பார்கள். 45, 50 டிகிரியைத் தாண்டினால்தான் பெரும்பாலும் கம்பிப் பேச்சு வரும். கம்பிக்கு இரண்டு வேலை. ஆபரேஷன் மேசையில் முதுகுத்தண்டை நிமிர்த்துவது ஒன்று. கூடவே வைத்த எலும்புத் துகள்கள் முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்ட வைக்கும்வரை அந்த நிமிர்வைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. ஒட்டுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். எலும்பு ஒட்டவே இல்லையென்றால் எந்த உலோகமும் ஒருநாள் சோர்ந்து உடையும். உடைந்த கம்பியைக் காட்டும் எக்ஸ்ரேயில் முதலில் தேட வேண்டியது ஒட்டாத எலும்பைத்தான். உலோகத்தைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக வடிவமைத்த ஸ்டீல் கம்பிதான் இதற்கெல்லாம் முன்னோடி. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவே ஜாக்கி போல நீட்டிப் பிடிக்கும் கம்பி. பக்கவாட்டு வளைவு குறைந்தது. கூடவே இடுப்பின் இயல்பான உட்குழிவும் தட்டையானது. பல வருடம் கழித்து நேராக நிற்க முடியாமல் முன்பக்கம் சாய்ந்து நடந்தவர்கள் உண்டு. மெக்சிகோவின் எட்வார்டோ லூக் 1970-களில் ஒவ்வொரு முள்ளெலும்பையும் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். 1980-களில் பிரான்சின் கோத்ரெலும் துபூசேயும் பல கொக்கிகளை வைத்துத் தண்டின் முறுக்கையும் திருத்த முயன்றார்கள். 1990-களில் கொரியாவின் சே-இல் சுக் நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளிலும் பெடிக்கிள் (முள்ளெலும்பின் பின்பகுதியை முன்பகுதியோடு சேர்க்கும் எலும்புப் பாலம்) வழியே இறங்கும் பெடிக்கிள் ஸ்க்ரூ போட்டுக் காட்டினார். இன்றைய மதிப்பீட்டுத் தாள் அந்த வழியில் வந்தது.

மூன்று உலோகங்கள்

ஸ்டீல் என்றால் 316எல். அடுக்களை எவர்சில்வரின் உறவுதான், ஆனால் மாலிப்டினம் சேர்த்து, கரியைக் குறைத்து, கசடில்லாமல் உருக்கியது. இதில் நிக்கல் மட்டும் 13 முதல் 15 சதவீதம். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் பிள்ளை என்றால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டைட்டானியம் என்று தாளில் எழுதுவது பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த உலோகம். மருத்துவத் தரத்தில் ஆக்சிஜன் 0.13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கூடினால் விரிசல் எளிதில் ஓடும். கோபால்ட் குரோமில் கோபால்ட்டோடு 26 முதல் 30 சதவீதம் குரோமியமும் 5 முதல் 7 சதவீதம் மாலிப்டினமும் இருக்கும்.

விறைப்பில்தான் பெரிய வித்தியாசம். டைட்டானியம் சுமார் 110 கிகா பாஸ்கல், ஸ்டீல் 190-க்கு மேல், கோபால்ட் குரோம் 210 முதல் 240 வரை. நம் எலும்பின் கெட்டியான மேலோடு 20-ஐ ஒட்டி நிற்கும். அதாவது ஒரே பருமனில் கோபால்ட் குரோம் கம்பி டைட்டானியத்தைப் போல இருமடங்கு விறைப்பு. ஆனால் தாளில் உலோகத்தின் பெயரை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் எண் ஒன்று உண்டு. அது விட்டம். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 5.5 மி.மீ. கம்பிக்குப் பதில் 6 மி.மீ. போட்டால் விறைப்பு 40 சதவீதம் ஏறுகிறது, 6.35 மி.மீ. போட்டால் 78 சதவீதம். கணக்குப் போட்டால் 6.35 டைட்டானியமும் 5.5 ஸ்டீலும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு. ஆகவே 'டைட்டானியம் ராடு' என்று மட்டும் எழுதிய தாள் பாதித் தாள். எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். ஸ்க்ரூவின் தலைக் குழி ஒரு விட்டத்துக்கென்றே கடைந்தது, 5.5 செட்டில் 6.35 கம்பி உட்காராது. பாதியில் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

விறைப்பு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். 80 டிகிரி இறுகிய வளைவு, வளர்ந்த பையன், கெட்டி எலும்பு என்றால் கோபால்ட் குரோம் நியாயமான தேர்வு. டைட்டானியத்தை அந்த இடத்தில் போட்டால், தண்டு கம்பிக்கு வளைவதற்குப் பதில் கம்பி தண்டுக்கு வளைந்துகொடுத்துவிடும். உள்வளைவுப் பக்கக் கம்பி தட்டையாகி, மேசையில் கிடைத்த நிமிர்வு வீட்டுக்குப் போவதற்குள் குறையும். அதே கோபால்ட் குரோமை எலும்பு தேய்ந்த அறுபது வயதுப் பெரியவருக்குப் போட்டால் கம்பி அசையாது, ஸ்க்ரூ எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அல்லது கம்பி முடியும் இடத்துக்கு மேல் முள்ளெலும்பு முன்பக்கம் மடியும். அங்கே டைட்டானியத்தின் இளக்கம்தான் காப்பு. 35, 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, வளைவு இலகுவாக அசைந்தால், 5.5 டைட்டானியமே போதும் என்று டாக்டர் சொன்னால் சிக்கனம் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில் டைட்டானியத்துக்கு மற்ற இரண்டும் ஈடில்லை. ஸ்டீல் கம்பி படத்தில் பெரிய கருநிழல் போட்டுத் தண்டுவடத்தையே மறைத்துவிடும். கோபால்ட் குரோமின் நிழல் டைட்டானியத்தைவிடக் கூடுதல். பின்னாளில் தண்டுவடத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டிவரும் பிள்ளை என்றால் இது பெரிய விஷயம். எடை சின்ன விஷயம்: 40 செ.மீ. நீளமுள்ள 5.5 கம்பி டைட்டானியத்தில் 42 கிராம், ஸ்டீலிலும் கோபால்ட் குரோமிலும் 80 கிராமுக்குள்.

டைட்டானிய ஸ்க்ரூவோடு கோபால்ட் குரோம் கம்பி சேர்ப்பது வழக்கத்தில் உள்ளதுதான். டைட்டானிய ஸ்க்ரூவோடு ஸ்டீல் கம்பியைச் சேர்ப்பதைத் தவிர்க்கிறார்கள். தொடும் இடத்தில் உரசலும் அரிப்பும் சேரும் என்பது காரணம்.

வளைக்கும்போது கெடுவது

கட்டடத்தில் கம்பி கட்டுபவருக்கு இது தெரியும். ஒருமுறை வளைத்த கம்பியை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அந்த இடம் செத்துப்போகும். முதுகுக் கம்பியிலும் அதேதான், டைட்டானியத்தில் இன்னும் மோசம். வளைப்பான் அழுத்திய சிறு பள்ளம், கீறல் எல்லாம் விரிசல் பிறக்கும் இடம். ஸ்டீல் இதை ஓரளவு பொறுக்கும், டைட்டானியம் பொறுக்காது. போதாததற்கு டைட்டானியம் வளைத்தபின் சற்று மீளும், அதற்காகக் கூடுதலாக வளைக்க வேண்டும். கோபால்ட் குரோமை வளைக்கக் கை வலிக்கும், ஆனால் வளைத்த வடிவத்தில் நிற்கும். ஒரே இடத்தில் வெடுக்கென்று மடிக்காமல், சிறுசிறு தப்படியாக ஒரு திசையில் மட்டும் வளைப்பதுதான் முறை.

ஸ்க்ரூ, கொக்கி, கட்டுக்கம்பி

இங்கே பெரிய போட்டி இல்லை. பெடிக்கிள் ஸ்க்ரூ முள்ளெலும்பைப் பின்னாலிருந்து முன்வரை ஊடுருவிப் பிடிக்கிறது. முறுக்கைத் திருப்ப அந்தப் பிடி வேண்டும். கொக்கியும் கட்டுக்கம்பியும் பின்பக்கத்தை மட்டும் பிடிப்பவை, விலை குறைவு. பெடிக்கிள் மிக ஒடுங்கிய இடத்தில் இன்றும் அவை கைகொடுக்கும். ஸ்க்ரூவின் ஆபத்து, உள்பக்கம் நழுவினால் தண்டுவடம். அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு சமிக்ஞையைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். கோபால்ட் குரோமுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட அதற்குக் கொடுக்கும் பணம் பயனுள்ளது.

தயாரிப்பில் எது தரம்

நெஞ்சுப் பகுதிக்கு 4.5 முதல் 5.5 மி.மீ. விட்டம், 30 முதல் 40 மி.மீ. நீளம், இடுப்புக்கு 6.5 மி.மீ. விட்டம், 40 முதல் 50 மி.மீ. நீளம் வரை ஸ்க்ரூ போவதுண்டு. மருத்துவத் தர உருளைக் கம்பியை, அதைப் பிடிக்கும் தலையே நகரும் வகை சி.என்.சி. (கணினி இயக்கும்) லேத்தில் ஏற்றி, சுழலும் வளையக் கத்தியால் மரையை ஒரே ஓட்டத்தில் வெட்டுகிறார்கள். மைல்டு ஸ்டீல் கடைந்து பழகியவருக்கு டைட்டானியம் முதல் நாளே பாடம் எடுக்கும். சூட்டை அது எளிதில் கடத்தாது, சூடு பெரும்பாலும் கத்தி முனையில் நிற்கும். முனை மழுங்கினால் உலோகம் அதில் ஒட்டி மரையைக் கிழிக்கும். அதனால் வேகத்தைக் குறைத்து, எண்ணெயை அழுத்தத்தோடு பாய்ச்ச வேண்டும். மெல்லிய சுருள் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல் போட வேண்டும். கோபால்ட் குரோம் கத்தியை இன்னும் சீக்கிரம் தின்னும். விலை ஏறுவதில் இதற்கும் பங்குண்டு.

கம்பி உட்காரும் தலைக்கிண்ணத்தைத் தனியாகக் கடைந்து, ஸ்க்ரூவின் உருண்டைத் தலையை அதற்குள் இறக்கிப் பூட்டுகிறார்கள். இந்தக் கிண்ணத்தின் உள்மரைதான் செட்டின் உயிர்நாடி. சாதாரண முக்கோண மரை என்றால் இறுக்கும்போது கிண்ணத்தின் காதுகள் விரியும், கம்பியை மேலிருந்து அழுத்திப் பூட்டும் மூடித் திருகு நழுவும். ஆகவே சதுரத்தையொட்டிய மரை. அங்கே மயிரிழைப் பிசிறு நின்றாலும், ஆபரேஷனில் மூடித் திருகு கோணலாக ஏறி மாட்டிக்கொள்ளும். கடைசி இறுக்கம் பெரும்பாலும் 9 முதல் 12 நியூட்டன் மீட்டர், அளவு வந்ததும் தானே நழுவும் கைப்பிடியால்.

அப்புறம் அல்ட்ராசானிக் கழுவல், அமிலக் குளியல், நிறமேற்றல். டைட்டானிய ஸ்க்ரூவின் நீலமும் பொன்னிறமும் சாயமில்லை. மின்சாரம் பாய்ச்சி வளர்த்த ஆக்சைடு படலத்தின் கனம்தான் அந்த நிறம். 30 வோல்ட்டை ஒட்டி நீலம், 60-ஐ ஒட்டிப் பொன். விட்டத்தை நர்ஸ் பார்த்தவுடன் அறிய நிறம் உதவுகிறது, உடம்புக்குள் அதற்கு வேறு வேலை இல்லை. லாட் எண்ணை (எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டும் எண்) லேசரில் பொறிக்கும்போது ஆழம் கூடினால் அதுவே விரிசலின் பிறப்பிடம். கம்பியில் பொறிப்பைச் சுமை விழாத ஓரத்தில் வைப்பது நல்ல தயாரிப்பாளரின் அடையாளம். முழு செட்டையும் பிளாஸ்டிக் கட்டைகளில் மாட்டி 50 லட்சம் முறை வளைத்துச் சோதிக்கும் முறைக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1717 என்ற தர விதி உண்டு.

உள்நாட்டுச் சரக்கா, வெளிநாட்டுச் சரக்கா?

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் டைட்டானியத் தாது இருக்கிறது, கேரளத்தின் சவறாவில் டைட்டானிய ஸ்பாஞ்ச் (பஞ்சு போலத் துளைகளுள்ள கச்சா டைட்டானியம்) செய்யும் ஆலை இருக்கிறது, ஹைதராபாத்தின் மிதானி நிறுவனம் மருத்துவத் தரக் கம்பி வார்க்கிறது. மதுரையிலேயே ஆரோலேப் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்துவருகிறது. 'உள்ளூர் இம்ப்ளாண்ட் மட்டம்' என்ற எண்ணத்தை இந்த ஊர் எப்போதோ தாண்டியிருக்க வேண்டும். பார்க்க வேண்டியது நாட்டை அல்ல, உரிமத்தை. 2017-ம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி, ஆபத்து கூடிய சி, டி பிரிவுச் சாதனங்களை இங்கே தயாரிக்க எம்டி-9 உரிமம் வேண்டும், இறக்குமதிக்கு எம்டி-15. இரண்டும் இல்லாத சரக்கு எந்த நாட்டினதானாலும் வேண்டாம்.

வெளிநாட்டுச் செட்டுகளுக்கு ஓர் உண்மையான அனுகூலம் உண்டு: தலையில் நீண்ட காதுள்ள ஸ்க்ரூ, ஒரே தளத்தில் மட்டும் ஆடும் தலை, வளைவை இழுத்து இறக்கும் கருவிகள் என்று கடினமான வளைவுக்கான தட்டு நிறைந்திருக்கும். 50 டிகிரி வளைவுக்கு அத்தனையும் தேவைப்படாது. 90 டிகிரிக்குத் தேவைப்படலாம். டாக்டர் எந்தச் செட்டில் அதிகம் கை பழகியவர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கம்பிக்கும் லாட் எண்ணோடு ஸ்டிக்கர் வரும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும், இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டில் நடந்த ஆபரேஷன் என்றாலும் கேளுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டிவந்தால், மூடித் திருகின் குழி அறுகோணமா நட்சத்திரமா, எத்தனை மி.மீ. என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருந்தாத திருப்புளி வைத்தால் குழி தேய்ந்துபோகும். பிறகு கம்பியை உடம்புக்குள்ளேயே அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் கையில் இருந்தால், எந்தப் பெட்டியை வரவழைக்க வேண்டும் என்று டாக்டருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.