அடுப்பேறாத உருண்டை: மூன்று வருடத்துக்கும் மேல் இடித்துப் பார்த்ததில்

2022 பங்குனிக் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வளவின் மூலையில் மூன்று கல் வைத்து, விறகில் ஒரு நேரச் சமையலை முடித்துக்கொண்டோம். பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் பிள்ளைகளுக்காக மாலையில் இன்னொரு முறை அடுப்பு மூட்ட விறகு போதாது.

அப்போது டொரொண்டோவில் இருக்கும் தங்கை தொலைபேசியில் சொன்னாள்: "அக்கா, பேரீச்சம்பழ உருண்டைக்கு அடுப்பே தேவையில்லை. பேரீச்சம்பழத்தோடு பாதாமும் கஜுவும் (முந்திரிப்பருப்பும்) சேர்த்து அரை. பிறகு உருட்டு. அவ்வளவுதான்." பால், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழு வீகனாக வாழ்கிறவள் அவள். பேரீச்சம்பழமே இனிப்பும் பசையுமாக இருப்பதால் பாகு காய்ச்சவோ நெய் விடவோ வேண்டாம் என்றாள்.

அவள் அனுப்பிய அளவில் பாதாம், பெக்கன், உலர்ந்த கிரான்பெரி என்று இருந்தது. அவற்றை இங்கே தேடிப் பிடித்து வாங்கினால் ஒரு கிழமைச் சாமான் செலவு அதிலேயே போய்விடும். நம்மிடம் இருப்பது என்ன? வாகரைப் பக்கத்துக் கச்சான் (நிலக்கடலை), எள்ளு, கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் உடைந்த கஜு. எப்படியும் இடிக்கப் போகிறோம், முழுக் கஜுவுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? எள்ளுருண்டை இடித்த ஊருக்கு இது புதிய பலகாரமும் அல்ல. சர்க்கரையின் இடத்தில் பேரீச்சம்பழம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நான் கைவிடாமல் வைத்திருக்கும் அளவு இது. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 250 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 200 கிராம், உடைந்த கஜு 50 கிராம், வறுத்த எள்ளு 50 கிராம். இரண்டு ஏலக்காய், கால் தேக்கரண்டி சுக்குத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. உப்பைத் தவறவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் இனிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும், கச்சானின் வாசம் மேலே வராது. சிறிய தேசிக்காய் (எலுமிச்சை) அளவில் உருட்டினால் 30 உருண்டை வரும். பிள்ளைகளுக்காகச் சில நாட்களில் ஒரு பிடி பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போடுவேன். பிளம்ஸ் போட்டால் ஈரம் கூடுவதால், அதை மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

முதல் தடவை கிரைண்டரில் அரைக்க எண்ணிக் காத்திருந்தேன். மின்சாரம் வரவில்லை. பின் விறாந்தையில் கவிழ்த்து வைத்திருந்த அம்மம்மாவின் மர உரலைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்துக் காயவிட்டு எடுத்தேன். அன்று வேறு வழியில்லாமல் எடுத்த உரலை இன்றுவரை நான் உள்ளே வைக்கவில்லை. மின்சாரம் ஒழுங்கான பிறகு கிரைண்டரிலும் பலமுறை செய்து பார்த்தேன். அதன் அலகு கச்சானை வெட்டுகிறது, வெட்டும்போதே சூடாக்குகிறது. நிறுத்தாமல் ஓடவிட்டால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். விட்டுவிட்டு இயக்கினாலும் பேரீச்சம்பழம் அலகுக்குக் கீழே போய் இறுகிக்கொள்ளும், மோட்டார் முனகும். உருண்டை பார்வைக்கு வழுவழுப்பாக இருக்கும். வாயில் போட்டால் மெல்ல ஒன்றும் இருக்காது.

உரலில் நடப்பது வேறு. முதலில் கச்சானையும் கஜுவையும் போட்டு அரையும் குறையுமாக இடித்து எடுத்து வைத்துவிடுவேன். பிறகு பேரீச்சம்பழம் தனியாக உரலுக்குள் போகும். முதல் இருபது இடிக்கு அது உலக்கைப் பூணோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், கையால் தள்ளித் தள்ளிவிட வேண்டும். சத்தமும் சதசதவென்றுதான் இருக்கும். இடித்த கச்சானைப் பிடி பிடியாகச் சேர்க்கும்போது உலக்கை கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். கச்சானின் எண்ணெய் பழத்தின் பசையோடு கலந்ததும் எல்லாம் ஒரே கட்டியாகத் திரண்டு, உரலின் சுவரை விட்டு விலகி நடுவில் வந்து உட்காரும். உலக்கை விழும் சத்தம் தொம் தொம்மென்று மாறும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் பத்து இடி இடித்தாலும் எண்ணெய் வெளியே வந்து கையெல்லாம் வழுக்கும். கட்டியை இரண்டாகப் பிட்டுப் பார்த்தால் கபில நிறப் பழத்துக்குள் கச்சான் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஏலக்காயும் சுக்கும் அந்த நேரத்தில்தான் மணக்கும்.

பேரீச்சம்பழத்தை நான் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் வாங்குகிறேன். நடுத் தெருவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் ஊரில் பழத்துக்குக் குறைவிருக்குமா? நோன்பு காலத்தில் வகைவகையாக வந்து இறங்கும். வழக்கமாக வாங்கும் கடைக்கார நானா (அண்ணன்) ஒருநாள் என் கையிலிருந்த பொதியைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டார். "தங்கச்சி, பளபளப்பைப் பார்த்து எடுக்காதீர்கள். அதற்குக் குளுக்கோஸ் பாகு பூசியிருக்கிறார்கள். சுருக்கம் விழுந்ததைப் பாருங்கள், அதுதான் உங்கள் வேலைக்குச் சரி" என்றார். அன்றிலிருந்து பொதியின் பின்பக்கத்தை வாசிக்காமல் எடுப்பதில்லை. பாகு பூசிய பழத்தில் செய்த உருண்டை எவ்வளவு இடித்தாலும் கையை விடாது. பழம் மிகவும் காய்ந்திருந்தால் ஊறவைக்காதீர்கள், ஐந்து நிமிடம் இட்டலிச் சட்டியின் ஆவியில் காட்டி, துணியில் பரப்பி ஆறவிடுங்கள்.

ஈரத்தைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022 மார்கழியில், வாடைக் காற்றும் மழையுமாக இருந்த நாட்களில், பழத்தைக் கழுவிவிட்டு அவசரத்தில் சரியாகக் காயவிடாமல் இடித்துவிட்டேன். ஐந்தாம் நாள் போத்தலைத் திறந்தபோது மேலிருந்த உருண்டைகளில் வெள்ளைப் பூஞ்சணம். முப்பதையும் குழி தோண்டிப் புதைத்தேன். நெருப்பில் ஏறாத பண்டத்தில் கிருமியைத் தடுப்பது அதன் வறட்சியும் செறிந்த இனிப்பும்தான். தண்ணீர் சேர்ந்தால் அந்தக் காவல் போய்விடும். கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு: வறுத்துக் கொறிப்பது ஒன்று, வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து அனலாக வீசும் காற்று மற்றது. இந்த உருண்டைக்கு இரண்டுமே நல்லது. கச்சான் காற்று நாட்களில் செய்தது மூடிய தகரப் பேணியில் இரண்டு கிழமை இருந்தும் கெடவில்லை. மாரியில் செய்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுகிறோம்.

கச்சானைத் தெரிவு செய்வது அதைவிட முக்கியம். ஒரு கடையில் வாங்கிய கச்சான் பழசு. வறுத்த வாசத்தில் அது தெரியவில்லை. இடித்து உருட்டிய பிறகுதான் கசப்பு தெரிந்தது. முழுவதையும் எறிந்தேன். பூஞ்சணம் பிடித்த கச்சானில் உண்டாகும் அஃப்ளாடொக்சின் ஈரலுக்குக் கேடான நஞ்சு. வறுத்தாலும் அது முழுதாக அழியாது. ஆகவே பச்சைக் கச்சானாக வாங்கி, சுளகில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டுத்தான் தாச்சியில் வறுக்கிறேன். இப்போது எரிவாயு இருப்பதால் அந்த வறுவலுக்கு மட்டும் அடுப்பு மூட்டுகிறேன். 2022இல் வண்டிக்காரரிடம் மணலில் வறுத்த சுடுகச்சான் வாங்கித்தான் செய்தேன், அதன் சுவையும் நன்றாகவே இருந்தது. கொட்டை நீக்கியது என்று அச்சிட்ட பொதியிலும் கொட்டை கிடக்கும். ஒருமுறை கிரைண்டரின் அலகு அதில் பட்டு முறிந்தது. ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிளந்து பாருங்கள்.

சீனி போடவில்லை, அதனால் நீரிழிவுக்காரருக்கு நல்லது என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இனிப்புத்தான். என் அளவில் ஒரு உருண்டையில் 5 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது, அது ஒரு தேக்கரண்டிச் சீனிக்கு மேல். சக்தி ஏறத்தாழ 80 கலோரி, புரதம் இரண்டரை கிராம். என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் கேட்ட பிறகு, சாப்பாட்டுக்குப் பின் ஒரு உருண்டை, அதுவும் கிழமையில் இரண்டு நாள் என்று வைத்திருக்கிறோம். "எள்ளுருண்டை மாதிரி இருக்கிறது மகள், இன்னொன்று தா" என்று கேட்கும்போது மறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மறுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த உருண்டையை நான் முழுதாக நம்பத் தொடங்கியது 2023 கதிர்காமப் பாத யாத்திரையில். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்குப் போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, காட்டுப் பாதை திறந்ததும் நடக்கத் தொடங்கினோம். குமனையையும் யாலக் காட்டையும் கடக்க எங்களுக்கு ஐந்து நாள் எடுத்தது. விரதக்காரர் என்பதால் மீன், இறைச்சி இல்லை. சமைத்ததை அந்த வெயிலில் மறுநாளுக்கு வைக்க முடியாது. பாலும் நெய்யும் இல்லாத உருண்டைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

60 உருண்டை கொண்டுபோனேன். பாதியை வறுத்த எள்ளில் புரட்டியிருந்தேன், மற்றப் பாதியை அழகுக்காகத் தேங்காய்ப் பூவில் புரட்டியிருந்தேன். இரண்டாம் நாள் குமுக்கன் ஆற்றங்கரையில் பேணியைத் திறந்தோம். தேங்காய்ப் பூவில் புரட்டியவை காறல் வாசம் அடித்தன. வீட்டில் துருவி வறுத்த பூவுக்குள் ஈரம் நின்றிருக்கிறது. எள்ளில் புரட்டியவை சற்று இளகியிருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, சுவையும் மாறவில்லை. காலையில் நடக்கத் தொடங்குமுன் ஒன்று, பத்து மணி வெயிலில் நிழல் கண்ட இடத்தில் ஒன்று. எங்களோடு நடந்த, எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி, பல் இல்லாததால் அவலைக்கூட ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். உருண்டையை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அது கரைந்து முடியும் வரை பேசாமல் நடந்தார். கதிர்காமத்து மாணிக்க கங்கையில் இறங்கிய அன்று என் பேணியில் மூன்று மிஞ்சியிருந்தன. இரண்டை அவரிடம் கொடுத்தேன்.

அந்த யாத்திரைக்குப் பிறகு தேங்காய்ப் பூ பக்கமே போவதில்லை. எள்ளு, இல்லாவிட்டால் நன்றாக வறுத்த பயற்றம் மாவு. உரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: இடித்து முடித்தவுடன் கொதிநீர் ஊற்றித் தும்பால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் எறும்பு மொய்த்துவிடும், பசையும் மரத்தில் இறுகிவிடும்.

காட்டுப் பாதை அடுத்த முறை திறக்கும்போது தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு 120 உருண்டை வேண்டும். ஒரு கிலோ பேரீச்சம்பழம், 800 கிராம் கச்சான், நான்கு சிறிய பேணி. ஒரே பெரிய பேணியில் போட்டால் அடிக்கடி திறந்து காற்றுப் படும். நான்காகப் பிரித்தால் மூன்று பேணிகள் திறக்காமல் இருக்கும். கச்சானைப் பொறுக்கித் தர அம்மா இப்போதே சுளகைத் துடைத்து வைத்திருக்கிறார்.