பறவை குவில்ட்: ஆரி வேலையா, சாதா ஊசியா?

குமரி மாவட்டத்துச் சுசீந்திரம், தேரூர் குளங்களின் பறவைகளை வைத்து ஒரு குவில்ட் (துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை) தைத்து முடித்திருக்கிறேன். ஐந்தடிக்கு ஏழடி, ஒற்றைக் கட்டில் அளவு. மேலே வெள்ளைக் காட்டன், நடுவில் பழைய வேட்டிகள், அடியில் நைந்து மென்மையான ஒரு நூல் சேலை. இந்த அடுக்கு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. நடுவில் பாலியஸ்டர் வாடிங் (பஞ்சு விரிப்பு) வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஆனால் நம் ஊர் ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் அதை யார் மேலே போட்டுக்கொள்வது? பேச்சு நீண்டது பறவைகளை எதால் போடுவது என்பதில்தான். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி, கொக்கி ஊசியால் போடும் ஆரி, சாதா ஊசி என்று மூன்று வழி இருந்தது. நான் சாதா ஊசியின் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகம், சுத்தம், பத்துப் பறவையும் ஒரே அச்சு. ஆனால் நூல் நெருக்கமாக விழுவதாலும் பின்னால் வைக்கும் தாளாலும் பறவை இருக்கும் இடம் மட்டும் விறைத்து நிற்கும். சட்டைப் பையில் அது உறுத்தாது, கன்னம் படுகிற போர்வையில் உறுத்தும்.

ஆரிதான் உண்மையான போட்டி. இப்போது தெருவுக்கு ஒருவர் ஆரி படித்திருக்கிறார்கள், என் நாத்தனார் உட்பட. கொக்கி ஊசி துணிக்குள் இறங்கி, கீழே இருக்கும் கை கொடுக்கிற நூலை இழுத்துச் சங்கிலியாக ஏறி வரும். பழகிய கைக்கு அது ஓடுகிற வேகமே தனி. நான் ஒரு இறக்கையை நிரப்புவதற்குள் நாத்தனார் ஒரு பறவையை முடித்துவிடுவார். தாமரை இலையின் வளைவு, நீர் அலை, ஓரத்துக் கொடி போன்ற நீளக் கோடுகளில் ஆரியின் ஒழுங்கு சாதா ஊசிக்கு வராது. கல்யாண பிளவுஸ் என்றால் நானும் ஆரிக்குத்தான் கொடுப்பேன்.

ஆனால் பிளவுஸ் வருடத்துக்கு எத்தனை முறை தண்ணீர் பார்க்கிறது? போர்வை அப்படியில்லை. அதிலும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற குமரி மாவட்டத்தில், ஈரம் தங்கிய துணியில் கரும்புள்ளியாகப் பூசணம் பிடித்துவிடும். ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டும், வெயில் கண்ட நாளில் உதறிக் காயவைக்க வேண்டும். அப்போது வளையலில், கொடிக் கம்பியில், பிள்ளைகளின் கால் நகத்தில் எங்காவது ஓர் இழை மாட்டி அறும். அறுந்த பிறகு என்ன ஆகிறது, அதைச் சரிசெய்ய முடிகிறதா? எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்.

ஆரித் தையல் ஒரே நூலில் ஓடும் சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பிடித்துவைக்க ஆளில்லை. முடியும் பக்கத்திலிருந்து இழுபட்டால் சரசரவென்று பிரிந்து வரும். நுனியில் நன்றாக முடிச்சுப் போட்டால் தாங்கும், உண்மைதான். ஆனால் அந்த முடிச்சு துணியின் பின்பக்கம் இருக்கிறது. குவில்ட்டில் முதலில் மேல்துணியில் பறவை போட்டு, பிறகுதான் வேட்டியையும் சேலையையும் அடுக்கி ஓட்டுத் தையல் போடுகிறோம். அதற்கப்புறம் பின்பக்கம் என்று ஒன்று கைக்கு எட்டாது. ஆரிக்கோ கீழே ஒரு கை நூலோடு இருந்தே ஆக வேண்டும். குவில்ட்டைப் பிரிக்காமல் ஆரியால் பழுது பார்க்க வழியே இல்லை.

சாதா ஊசியில் இந்தத் தொல்லை கிடையாது. கெட்டித் தையலோ, நீளமும் குட்டையுமாக மாற்றிப் போட்டு நிரப்பும் லாங் அண்ட் ஷார்ட்டோ, ஒவ்வொரு தையலும் துணிக்குள் போய் வருகிறது. ஓர் இழை அறுந்தால் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று தையல் தளரும், அவ்வளவுதான். மேலிருந்தே ஊசியை விட்டு அந்த இடத்தை மட்டும் நிரப்பி, நூல் நுனியை அடுக்குகளுக்கு நடுவே ஒளித்துவிடலாம். ஆரிச் சங்கிலி போன இடத்தையும் சாதா ஊசியால் சங்கிலி போட்டு ஒப்பேற்றலாம் என்று நாத்தனார் சொன்னார். சரி, கடைசியில் சாதா ஊசிதானே வந்து நிற்கிறது?

நூலும் ஒரு காரணம். ஆரிக்கு விற்கிற பளபள நூல்களில் விஸ்கோஸ் ரகம் நனைந்தால் வலு குறையும். நான் எடுத்தது ஆங்கர் காட்டன் நூல். ஒரு கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்துக்கொண்டேன். கருப்புக் கண்ணுக்கு மட்டும் ஓர் இழை.

பறவைகளுக்கும் இதுதான் பொருந்தியது. நீலத் தாழைக்கோழியின் உடம்பில் நீலம் ஊதாவாக மாறுகிற இடத்தை லாங் அண்ட் ஷார்ட்டில் கலக்கலாம். ஆரியில் அது வரிவரியாகத் தெரியும். நெடுங்கால் உள்ளானின் இளஞ்சிவப்புக் கால்களுக்கு ஒற்றை வரிசைக் கெட்டித் தையல் போதும். கூழைக்கடாவை நிரப்பவே இல்லை. வெள்ளைத் துணியில் சாம்பல் கோடு மட்டும் போட்டு, சுற்றிலும் ஓட்டுத் தையலை நெருக்கியதில் உடம்பு தானாக எழும்பி நின்றது. நூலை அருகருகே படுக்கவைத்து இடத்தை நிரப்பும் சாட்டின் தையலை மட்டும் கால் அங்குலத்துக்கு மேல் நீட்டாதீர்கள், நீண்ட இழைதான் முதலில் மாட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆரி வேலையை நான் துவைத்துப் பார்த்தது தலையணை உறை அளவில்தான். முழுப் போர்வையில் நல்ல காட்டன் நூலும் கெட்டி முடிச்சுமாகப் போட்டால் நான் நினைப்பதைவிட நாள் தாங்கலாம்.

நேரமில்லாதவர்கள் சாதா ஊசி வேலையை வெளியே கொடுத்துச் செய்யலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து நுணுக்கமான கைவேலை இந்த மாவட்டத்தில் இருந்து வருகிறது. கூலி ஆரியைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள், நேரம் அப்படி. சுவரில் மாட்டுவதற்கு மட்டும் என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண், தயங்காமல் ஆரிக்குக் கொடுத்துவிடுங்கள்.