ரிப்போர்ட் பட்டனிலிருந்து வேப்பேரி வரை: தலைவர்களின் இனவெறிப் பதிவுகளுக்கான புகார் சேவைகள், ஒரு ரிவ்யூ

ஒரு கட்சிப் பொறுப்பாளர், எதிராளியின் முகத்தைக் கறுப்படித்து, மூக்கை விரித்து, குரங்கு உடம்பில் ஒட்டிப் போடுகிறார். இன்னொருவர் வடமாநிலத் தொழிலாளர்களைக் கரப்பான்பூச்சிக் கூட்டமாகக் காட்டும் ஏஐ வீடியோவைப் பகிர்கிறார். பார்த்ததும் நம் கை போவது மூலையிலிருக்கும் மூன்று புள்ளிக்கு. முதல் தப்பு அங்கேதான். புகாரை ஏற்றுத் தளம் நீக்கினாலும் சரி, எதிர்ப்பு கிளம்பியதும் போட்டவரே தூக்கினாலும் சரி, உங்களிடம் மிஞ்சுவது பாதி வெட்டிய ஒரு ஸ்கிரீன்ஷாட். "எடிட் பண்ணினது" என்று ஒரே வரியில் அவர் தப்பித்துவிடுவார்.

சென்னையில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் புகார் வழிகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே சிக்குகின்றன என்பதுதான் இந்த ரிவ்யூ. மதிப்பெண் 5-க்கு. எந்த வழியில் போனாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் சேமிப்பு, பிறகு புகார்.

தப்பிக்கும் வழிக்கு நம் ஊரில் ஒரு பெயரே உண்டு: 'அட்மின்'. 2018 மார்ச்சில் பெரியார் சிலை குறித்த பேஸ்புக் பதிவு கொந்தளிப்பைக் கிளப்பியபோது, அதை நீக்கிவிட்டு, அட்மின் தன் அனுமதியின்றிப் போட்டது என்றார் எச்.ராஜா. அந்த விளக்கம் வழக்கில் எடுபடவில்லை. 2024 டிசம்பரில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது, மேல்முறையீட்டுக்காக அதை நிறுத்தியும் வைத்தது. அமெரிக்காவிலும் இதே பாட்டுதான். 2026 பிப்ரவரியில் டிரம்பின் ட்ரூத் சோஷியல் கணக்கில் ஒபாமா தம்பதியைக் குரங்குகளாகக் காட்டும் வீடியோ வந்தது. மறுநாள் அதை எடுத்துவிட்டு, ஊழியர் தவறுதலாகப் போட்டது என்றது வெள்ளை மாளிகை. நீங்கள் சேமிக்கும் சான்று இந்த அட்மின் வாதத்தைத் தாண்டி நிற்க வேண்டும்.

அதற்குப் பத்து நிமிடம் போதும். செயலியில் வேண்டாம், பிரவுசரில் திறங்கள், அங்கேதான் முழு லிங்க் தெரியும். பேஸ்புக் செயலி தருவது சுருக்கின லிங்க். அதைப் பிரவுசரில் ஒருமுறை திறந்து, விரிந்து வரும் நீள லிங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, தேதியும் கடிகாரமும் தெரிய, லிங்கை ஒட்டி, பதிவைத் திறந்து, வீடியோ என்றால் கடைசி விநாடி வரை ஓட்டி, அங்கிருந்தே கணக்கின் முகப்புக்குப் போய், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சரிபார்ப்பு டிக், பின்தொடர்வோர் எண்ணிக்கை, முகப்பில் எழுதியிருக்கும் கட்சிப் பொறுப்பு எல்லாம் பதிவாகும்படி எடுங்கள். பேஸ்புக் பக்கம் என்றால் 'பக்க வெளிப்படைத்தன்மை' பகுதியையும் ஒருமுறை திறந்து காட்டுங்கள். பக்கம் என்று தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் அங்கே உண்டு. "அது ரசிகர் பக்கம்" என்ற வாதம் பெரும்பாலும் அங்கேயே அடிபடும்.

எக்ஸ் தளத்தில் ஒரு கூடுதல் வசதி. லிங்கின் கடைசியில் இருக்கும் 19 இலக்க எண்ணிலேயே பதிவு போட்ட நேரம் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணை 4194304-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 1288834974657-ஐக் கூட்டினால், 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். பதிவு நீங்கிய பிறகும், அதை மேற்கோள் காட்டிய வேறு பதிவிலிருந்து இந்த எண் கிடைத்துவிட்டால் நேரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் எண்ணை எக்செல்லில் அப்படியே ஒட்டாதீர்கள். 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் சைபர் ஆக்கிவிடும், லிங்க் செத்துவிடும். அந்தக் கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக மாற்றுங்கள்.

பிறகு ஹாஷ். கோப்பின் கைரேகை போன்ற ஓர் எழுத்து-எண் வரிசை அது, கோப்பு துளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் மின்னணு ஆவணத்தின் ஹாஷ் மதிப்பை எழுத இடம் இருக்கிறது. கணினியில் கோப்பு சுருக்கும் 7-ஜிப் மென்பொருள் இருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே எஸ்ஹெச்ஏ-256 என்ற வகை ஹாஷ் வரும், 64 எழுத்து நீளம். அதைத் தேதியோடு உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று: படத்தை வாட்ஸ்அப்பில் வக்கீலுக்கு அனுப்புவது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், ஹாஷ் மாறிவிடும், பிறகு எது மூலம் எது நகல் என்ற குழப்பம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகல் போட்டு வைப்பதும் நல்லதுதான். ஆனால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்கு அது பெரும்பாலும் லாகின் திரையைத்தான் சேமித்துத் தரும். அதை நம்பி ரெக்கார்டிங்கை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் படம் காசு கொடுத்து ஓட்டிய விளம்பரமா என்று, பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்திலும் ஒரு தேடல் போடுங்கள். அரசியல் விளம்பரங்கள் அங்கே 7 ஆண்டு இருக்கும், யார் பணம் கட்டினார் என்ற வரியோடு. காசு கட்டி ஓட்டியதை அட்மின் தலையில் கட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

இனி ரிப்போர்ட் பட்டன். மதிப்பெண் 1.5. சாதாரணக் கணக்குகளுக்கு ஓரளவு வேலை செய்கிற இந்தப் பட்டன், தலைவர்கள் என்றால் தயங்கும். எக்ஸில் 'பொதுநல விதிவிலக்கு' என்று ஒன்று 2019-லிருந்தே உண்டு. அரசுப் பதவியில் இருப்பவர், வேட்பாளர் போன்றோரின் பதிவு விதியை மீறினாலும், அறிவிப்புப் பலகை மாட்டி அப்படியே வைக்கலாம் என்பது அதன் சாரம். மெட்டாவுக்கும் 'செய்தி மதிப்பு' என்ற பெயரில் இதேபோல் ஒரு கதவு இருக்கிறது. 2025 ஜனவரியில் மெட்டா தன் வெறுப்பு விதிகளைத் தளர்த்தவும் செய்தது. அரை மதிப்பெண் எதற்கென்றால், இரு தளங்களின் விதிகளிலும் இனத்தோடு சாதியும் பாதுகாக்கப்பட்ட அடையாளமாக இருக்கிறது. 'ஸ்பேம்', 'பிடிக்கவில்லை' என்று போகாமல் வெறுப்புப் பேச்சு வகையைத் தேர்ந்தெடுத்தால்தான் சரியான வரிசையில் போய் நிற்கும். நூறு பேரைத் திரட்டி ஒரே நாளில் ரிப்போர்ட் அடிக்கும் பழக்கத்தால் பெரிய லாபம் இல்லை, விதிக்குள் வராத பதிவு எண்ணிக்கையைப் பார்த்து விதிக்குள் வந்துவிடாது.

குறைதீர்ப்பு அலுவலர் வேறு ஆள், பட்டன் வேறு. பலருக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஓர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டாக வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனர் இருந்தால் அந்த அலுவலர் இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவுக்கு 2021-இல் 15 நாள் கெடு வைத்தார்கள், நீக்கக் கோரும் புகார்களுக்கு 2022 திருத்தம் அதை 72 மணி நேரமாக்கியது. கெடுக்கள் மாறுபவை, புகார் போடும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 3. காரணம், நீக்கினாலும் மறுத்தாலும் ஒரு டிக்கெட் எண்ணும் எழுத்தில் ஒரு பதிலும் வருகின்றன. அடுத்த படிக்கு அந்தக் காகிதம்தான் டிக்கெட்.

இந்த வழியில் மனுவின் வாசகம்தான் எல்லாம். "மிகவும் கீழ்த்தரமான, அருவருப்பான பதிவு, உடனே நீக்கவும்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். அருவருப்பு ஒரு விதி அல்ல. இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன கட்சியில் இன்ன பொறுப்பில் இருப்பவர், இன்ன தேதி காலை 10.42-க்கு, கீழ்க்கண்ட லிங்கில் போட்ட 38 விநாடி வீடியோவில், 21-ஆம் விநாடியிலிருந்து வடமாநிலத் தொழிலாளர்களைக் கரப்பான்பூச்சிகளாகக் காட்டி, 29-ஆம் விநாடியில் மருந்தடிக்கும் காட்சியை வைத்திருக்கிறார். இது விதி 3(1)(பி)-இல் சொல்லும் 'இன அடிப்படையில் ஆட்சேபத்துக்குரிய' உள்ளடக்கம்." யார், எந்தப் பிரிவினரை, எந்த விநாடியில், எதுவாகக் காட்டினார் என்ற நான்கும் இருக்க வேண்டும். படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்தைத் தனியே தட்டச்சு செய்து சேர்ப்பது நல்லது. மனுவைப் படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம், 'பானிபூரி', 'வடக்கன்' போன்ற சொற்கள் இங்கே எந்தத் தொனியில் வருகின்றன என்று ஒரு வரி விளக்கமும் தேவை.

அலுவலர் மறுத்தாலோ கெடுவுக்குள் பதிலே இல்லையென்றாலோ மேல்முறையீட்டுக் குழு. ஜிஏசி என்பார்கள். 2023 மார்ச்சிலிருந்து இயங்குகிறது, எல்லாமே இணையவழி. முடிவு கைக்கு வந்த 30 நாளுக்குள் போட வேண்டும், குழுவும் 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. பட்டனை அழுத்தி வந்த 'விதிமீறல் இல்லை' என்ற தானியங்கிப் பதிலை இணைத்து இங்கே வந்தால் திருப்பிவிடுவார்கள், அது அலுவலரின் முடிவு அல்ல. மதிப்பெண் 3.5. வக்கீல் இல்லாமல் ஓர் ஆள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மேல்முறையீடு என்பதால்.

காவல்துறை வழி மெதுவானது, ஆனால் பல் உள்ளது. மதிப்பெண் 3. தேசிய சைபர் கிரைம் தளத்தில் 'பிற சைபர் குற்றம்' பகுதிக்குள், சமூக ஊடகக் குற்றங்களின் கீழ் 'சட்டவிரோதச் செயலைத் தூண்டும் பேச்சு' என்ற உட்பிரிவு உண்டு. விவரப் பெட்டியில் மேற்கோள் குறி, ஆம்பர்சாண்ட் போன்ற சிறப்புக் குறிகள் இருந்தால் படிவம் முரண்டு பிடிக்கும். வெறும் எழுத்தாக எழுதி, மிச்சத்தை இணைப்பில் போடுங்கள். 1930-க்கு அழைக்க வேண்டாம், அது பண மோசடிக்கான அவசர எண். நேரில் என்றால் உங்கள் காவல் நிலையம், அல்லது வேப்பேரி ஆணையர் அலுவலகம்.

பிரிவு எதுவென்பதில் கவனம். இனம், மொழி, பிறந்த இடம், சாதி அடிப்படையில் பிரிவினரிடையே பகையை வளர்த்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 196-ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது வெறுப்பை வளர்க்கும் படமென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(யு). அதில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை, முன்ஜாமீனுக்கும் தடை. போட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி அல்லாதவராக இருக்க வேண்டும். ஒரு தனி மனிதரை மட்டும் கேலி செய்யும் படம் அவதூறு. அதற்குப் போலீஸ் அல்ல, நேரே மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று எழுதி வரும் மனுக்களை இன்றும் பார்க்கலாம். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே செல்லாது என்று தூக்கிவிட்டது.

வலிக்கிற எல்லாமே 196-இல் நிற்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். தென்னிந்தியரின் நிறம் பற்றி 2017-இல் பா.ஜ.க.வின் தருண் விஜய் டி.வி. விவாதத்தில் சொன்னதும், 2024 மே மாதம் காங்கிரஸின் சாம் பிட்ரோடா தெற்கில் இருப்பவர்கள் ஆப்பிரிக்கர் போல இருப்பார்கள் என்றதும் அரசியலில் விலை கேட்டன. பிட்ரோடா பதவி விலகினார், அடுத்த மாதமே அதே பதவிக்குத் திரும்பினார். யாரை யாருக்கு எதிராகத் தூண்டுகிறது என்று காட்ட முடியாத புகார் நிலையத்தின் வாசலிலேயே நின்றுவிடும். மாறாக, 2023 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 12 பீகார் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டதாக ட்வீட் போட்ட உ.பி. பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ் மீது தூத்துக்குடியில் வழக்குப் பதிந்தார்கள். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது.

நிலையத்தில் கையில் தருவது பெரும்பாலும் சிஎஸ்ஆர் ரசீது, புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு. அது எப்.ஐ.ஆர். அல்ல. 196 மூன்றாண்டுக் குற்றம் என்பதால், உதவி ஆணையர் அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை செய்ய சட்டம் இடம் தருகிறது. அந்த நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, 15-ஆம் நாள் எழுத்தில் கேளுங்கள். பதிய மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். ஆன்லைனில் கொடுத்த புகாரில் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும், இதை மறந்து வழக்கைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. பிறகு இன்னொரு முட்டுக்கட்டை: 196 வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி தேவை. ஆளுங்கட்சிக்காரர் போட்ட படமென்றால் அந்தக் கோப்பு எவ்வளவு நாள் தூங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மதிப்பெண்ணை இங்கேதான் வெட்டினோம்.

'நான் போடவில்லை, பகிர்ந்தேன்' என்பதும் நிற்காது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018-இல் பகிர்ந்த எஸ்.வி.சேகர், அதை நீக்கி மன்னிப்பும் கேட்டார். 2023-இல் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது, 2024-இல் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள், 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆறேழு ஆண்டு. இந்தச் சேவையின் வேகம் இதுதான்.

தேர்தல் காலத்தில் தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலைத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். 100 நிமிடத்தில் நடவடிக்கை என்ற பெயர் உண்மைதான், ஆனால் அது அந்த இடத்திலேயே கேமராவில் எடுத்த படத்தை மட்டும்தான் வாங்கும், கேலரியிலிருந்து ஏற்ற முடியாது. சமூக ஊடகப் பதிவுக்கு மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் போங்கள், சென்னைக்கு அவர் ரிப்பன் மாளிகையில் இருக்கும் மாநகராட்சி ஆணையர். வேகத்துக்கு உதாரணம்: 2024-இல் கர்நாடக பா.ஜ.க. முஸ்லிம்களையும் பட்டியல் சாதியினரையும் ஒரு பறவைக் கூட்டில் இருக்கும் முட்டைகளாகக் காட்டிய கார்ட்டூன் வீடியோவைப் போட்டது மே 4. நீக்கும்படி எக்ஸுக்குத் தேர்தல் ஆணையம் சொன்னது மே 7, அங்கே வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நாள். மதிப்பெண் 2.

வெளிநாட்டுத் தலைவர் தன் நாட்டில் போட்ட படத்துக்கு நம் காவல்துறை வழியும் தேர்தல் வழியும் உதவாது. அதை இங்கே ஒரு வட்டச் செயலாளர் பகிர்ந்தால், பகிர்ந்தவர் மீது மேலே சொன்ன எல்லாம் பொருந்தும்.

தளம் நீக்கிய பதிவை 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் காவல்துறை கேட்டால் மூலம் கிடைக்கும், பிறகு நிச்சயமில்லை. மனுவின் கடைசி வரியில், பதிவையும் கணக்கு விவரங்களையும் பாதுகாக்கும்படி தளத்துக்கு உடனே கடிதம் அனுப்பவும் என்று சேர்த்துவிடுங்கள்.

கட்சி வாட்ஸ்அப் குழுவில் வந்த படமென்றால் 'ரிப்போர்ட்' அழுத்தும்போது கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அதே பெட்டியில், குழுவிலிருந்து வெளியேறி சாட்டை நீக்கு என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டு அழுத்துங்கள்.